ஷ்னேபெர்க் சுரங்கக்காரர்கள்

மேரி கியூரி பிட்ச்பிளெண்டு என்ற யுரேனியத் தாதுவின் கழிவை மூட்டை மூட்டையாக வரவழைத்து, கொட்டகையில் காய்ச்சி ரேடியம் பிரித்த கதையை எல்லாரும் படித்திருப்போம். மூட்டைகள் வந்த ஊர் யோவாகிம்ஸ்தால், இன்றைய செக் நாட்டின் யாகிமோவ். அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் என் இயற்பியல் வகுப்பில் சொல்லிவந்தேன். பாடப்புத்தகம் அதை விட்டுவிடுவது எனக்கு ஆறாத வருத்தம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், அதே மலைத்தொடரில், ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ஷ்னேபெர்க். இரண்டு ஊரிலும் முதலில் தோண்டியது வெள்ளிக்காக. திடகாத்திரமான ஆண்கள் இருமி, மூச்சு வாங்கி, உடல் உருகிச் செத்தார்கள். 'மலைநோய்' என்று பேர் வைத்தார்கள். தூசி, ஆர்சனிக் என்று காரணமும் தேடினார்கள். 1879இல் ஹெர்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து, இது நுரையீரலில் வளரும் புற்று என்றார்கள். சுரங்கக்காரர் சாவில் நான்கில் மூன்று இதனால்தான் என்று கணக்கும் காட்டினார்கள்.

ரேடியத்திலிருந்து ஒரு வாயு கிளம்புவதை 1900இல் ஃபிரீட்ரிக் டோர்ன் கண்டார். அதுதான் ரேடான்; யுரேனியப் பாறையிலிருந்து சுரங்கக் காற்றில் கலந்து, மலைநோய்க்குக் காரணமானதும் அதுவே. நிறமோ மணமோ கிடையாது, 3.8 நாளில் பாதி சிதைந்துவிடும். சிதைவில் பிறக்கும் பொலோனியம் தூசியில் ஒட்டி, மூச்சுக்குழாயில் படிந்து, ஆல்ஃபா துகள்களால் திசுவைச் சுடுகிறது. ரேடானைவிட இந்த வாரிசுகளே பெரிய கேடு என்பது 1950களில் தெளிவானது. அதே பத்தாண்டில் செக்கோஸ்லோவாக்கிய அரசு, அரசியல் கைதிகளை யாகிமோவின் யுரேனியச் சுரங்கங்களில் இறக்கிக்கொண்டிருந்தது. அங்கே இறங்கியவர்களுக்குப் புற்று வரும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தும் இறக்கினார்கள். என்னால் இதை மன்னிக்க முடிவதில்லை.

சுரங்கத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது, 1984இல் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், லிமெரிக் அணுமின் நிலையத்தின் கதிர்வீச்சு எச்சரிக்கை மணியை ஒலிக்கவைத்தார். வேலைக்கு உள்ளே நுழையும்போதே மணி அடித்தது. அப்படியானால் கதிர்வீச்சு வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அவர் வீட்டில் ரேடானை அளந்தார்கள்: ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 1,00,000 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்த அளவு 100. அடியிலிருந்த யுரேனியப் பாறையின் வாயு அடித்தளம் வழியாக ஏறியிருந்தது.

வீட்டுக் காற்றில் ரேடான் கன மீட்டருக்கு 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்று அபாயம் சுமார் 16% ஏறும் என்று ஐரோப்பிய வீடுகளில் நடந்த ஆய்வு 2005இல் காட்டியது. பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு ஆபத்து பன்மடங்கு. அமெரிக்காவில் வீடு பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: ரேடானை உறிஞ்சும் கரித்தூள் டப்பாவை அடித்தள அறையில், சன்னல்களைச் சாத்தி, இரண்டு மூன்று நாள் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அளவு, அமெரிக்காவில் வழங்கும் அலகில் லிட்டருக்கு 4 பைக்கோகியூரி தாண்டினால் தரைக்கடியில் குழாய் இறக்கி, மின்விசிறி வைத்து அந்தக் காற்றைக் கூரைக்கு மேல் தள்ளிவிடலாம்.