தொலைபேசிக் கம்பியில் பேசிய கணினிகள்



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஒரு காலத்தில் தொலைபேசி என்பது தோட்ட அலுவலகத்திலும் மேலாளர் பங்களாவிலும் மட்டுமே இருந்தது. லயத்து வீடுகளில் அது கிடையாது. நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி எடுத்தாலும் கிராணியாரை எழுப்பி, அலுவலகக் கதவைத் திறக்கச் சொல்லித்தான் மருத்துவமனைக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கம்பி யார் வீட்டுக்கு வருகிறதோ அவர் வீட்டுக்குத்தான் உதவியும் செய்தியும் முதலில் வந்து சேரும் என்பதை நம் மக்கள் பட்டு அறிந்திருக்கிறார்கள்.

பேச்சுக்காகப் போடப்பட்ட அந்தக் கம்பியின் வழியே பின்னாளில் கணினிகளும் ஒன்றோடொன்று பேசின. அப்பேச்சை நடத்திக் கொடுத்த சிறு பெட்டியின் பெயர் மோடம். அது எப்படித் தோன்றியது, அதற்காக யார் யார் போராடினார்கள், அது மக்கர் செய்தபோது பிழையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பவற்றை இன்று காண்போம்.

முதலில் மோடம் செய்யும் வேலையைப் பார்ப்போம். கணினிக்குத் தெரிந்தவை இரண்டே குறிகள். ஒன்று, சுழி. மற்றொன்று, ஒன்று. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலைக் கொண்டு செல்வதற்காக அமைந்தது. வினாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 அதிர்வு வரையுள்ள ஒலிகள்தாம் அதில் செல்லும். ஆகவே கணினியின் குறிகளை ஒலியாக மாற்ற வேண்டும். மறுமுனையில் அந்த ஒலியைக் கேட்டு மீண்டும் குறிகளாக மாற்ற வேண்டும். இந்த இரண்டு வேலையையும் செய்வதே மோடம்.

அமெரிக்காவில் 1950களின் இறுதியில், வான் பாதுகாப்புக்காகத் தொலைதூர ராடார் நிலையங்களைக் கணினிகளோடு இணைக்கும் பணியில் இக்கருவி பெருமளவில் பயன்பட்டது. 1962இல் பெல் தொலைபேசி அமைப்பு ‘பெல் 103’ என்னும் மோடத்தை வெளியிட்டது. அழைப்பவர் பக்கத்தில் 1,070, 1,270 அதிர்வுகள். பதில் சொல்பவர் பக்கத்தில் 2,025, 2,225 அதிர்வுகள். இந்த நான்கு சுரங்களைக் கொண்டே இரண்டு கணினிகளும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பேசிக் கொண்டன. இதன் வேகம் வினாடிக்கு 300 குறிகள். அதாவது சுமார் 30 எழுத்துகள். 1,800 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம் போய்ச் சேர ஒரு நிமிடம் பிடித்தது.

நேயர்களே, இந்த வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் ராபர்ட் வைட்பிரெக்ட். இவர் காது கேளாத பௌதிக அறிஞர். அக்காலத்தில் காது கேளாதவர்களுக்குத் தொலைபேசியால் எந்தப் பயனும் இல்லை. பெல் அமைப்போ தன் கம்பியில் அயலார் கருவி எதையும் நேரடியாக மாட்டக்கூடாது என்று விதி வைத்திருந்தது. வைட்பிரெக்ட் ஒரு வழி கண்டார். கம்பியைத் தொடாமல், தொலைபேசியின் கைப்பிடியை ஒரு தொட்டிலில் வைத்து, ஒலி மூலமாகவே எழுத்துகளை அனுப்பினார். பழைய தட்டச்சுத் தந்திக் கருவிகளை இதற்குப் பயன்படுத்தினார். 1964இல் அவரும், காது கேளாத பல் மருத்துவரான ஜேம்ஸ் மார்ஸ்டர்சும் தொலைபேசியில் எழுத்து வழியாக உரையாடினார்கள். பிறர் உதவியின்றிக் காது கேளாதவர்கள் தொலைபேசியைப் பயன்படுத்த அதுவே வழி திறந்தது. அந்த ஒலித் தொட்டில்தான் பின்னர் கணினிகளுக்கும் மோடத் தொட்டிலாயிற்று.

மற்றொருவர் தாமஸ் கார்ட்டர். டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த சிறு வணிகர். எண்ணெய்க் கிணறுகளிலும் பரந்த மேய்ச்சல் நிலங்களிலும் வேலை செய்தவர்களிடம் வானொலிப் பேசிகள் இருந்தன, தொலைபேசி இல்லை. அந்தப் பேசியைத் தொலைபேசியோடு சேர்க்கும் ‘கார்ட்டர்ஃபோன்’ என்னும் கருவியை அவர் செய்து, 1959 முதல் 1966 வரை ஏறத்தாழ 3,500 கருவிகளை விற்றார். விதியை மீறுகிறீர்கள் என்று பெல் அமைப்பு வாடிக்கையாளர்களை எச்சரித்தது. கார்ட்டர் பணிந்து போகவில்லை, வழக்குத் தொடுத்தார். 1968இல் அமெரிக்கத் தொடர்பு ஆணையம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பிக்குக் கேடு விளைவிக்காத கருவியை மாட்டுவதற்கு மக்களுக்கு உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம். அது வந்திராவிட்டால், தனியார் செய்த மலிவான மோடங்கள் வீடுகளுக்கு எளிதில் வந்திருக்க மாட்டா. கம்பியில்லாத இடத்தில் உழைத்தவர்களுக்காகப் போராடிய ஒருவரால் உலகம் முழுவதும் பயன்பெற்றது.

1981இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் என்னும் இருவர் ‘ஸ்மார்ட்மோடம்’ என்பதை வெளியிட்டனர். அதுவரை பெரும்பாலும் மனிதர்தான் எண்ணைச் சுழற்ற வேண்டியிருந்தது. இந்த மோடமோ கணினி அனுப்பும் கட்டளைகளைக் கேட்டுத் தானே சுழற்றியது. கட்டளைகள் ‘ஏ.டி.’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கின. ‘கவனி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. ‘ஏ.டி.டி.டி.’ என்றால் எண்ணைச் சுழற்று, ‘ஏ.டி.எச்.’ என்றால் தொலைபேசியை வை, ‘ஏ.டி.இசட்.’ என்றால் பழைய நிலைக்குத் திரும்பு. பிற நிறுவனங்களும் இதே மொழியைப் பின்பற்றின. ஹேய்ஸ் நிறுவனம் 1990களின் இறுதியில் மறைந்தது. அதன் மொழி மறையவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் மிமோஸ் ஆய்வு நிலையம் 1985இல் தொடங்கப் பெற்றது. அது 1987இல் பல்கலைக் கழகங்களின் கணினிகளைத் தொலைபேசி வழி இணைக்க ‘ராங்கோம்’ என்னும் வலையை அமைத்தது. 1992இல் ‘ஜாரிங்’ பிறந்தது. மலாய் மொழியில் ஜாரிங் என்றால் வலை என்பதை நீங்கள் அறிவீர்கள். 1996இல் டி.எம்.நெட் வந்தது. 1515 என்ற எண்ணைச் சுழற்றி இணையத்துக்குள் நுழைந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. சிங்கப்பூரில் 1994இல் சிங்நெட் பொதுமக்களுக்குச் சேவையைத் தொடங்கியது.

எண்ணைச் சுழற்றியதும் மோடத்திலிருந்து விசில் போலவும் மணலைக் கொட்டுவது போலவும் சத்தம் வரும். குழந்தைகள் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் அது வெறும் இரைச்சலன்று. மறுமுனை முதலில் 2,100 அதிர்வுள்ள ஒரு சுரத்தை எழுப்பும். கம்பியில் எதிரொலியை அடக்கும் கருவிகள் அதைக் கேட்டு ஒதுங்கிக் கொள்ளும். பிறகு இரண்டு மோடங்களும், “இந்தக் கம்பி எப்படி இருக்கிறது? எவ்வளவு வேகம் தாங்கும்?” என்று ஒன்றையொன்று சோதித்து, ஒரு வேகத்துக்கு உடன்படும். 1998இல் வந்த வி.90 என்னும் தரத்தின்படி, உச்ச வேகம் வினாடிக்கு 56,000 குறிகள். நடைமுறையில் அந்த அளவு பெரும்பாலும் கிடைப்பதில்லை. தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி எவ்வளவு நீளமோ, அதில் எத்தனை ஒட்டுகள் உள்ளனவோ, அந்த அளவுக்கு வேகம் குறையும். பட்டணத்தில் இருந்தவருக்குக் கிடைத்த வேகம், பல மைல் தள்ளியிருந்த தோட்டத்துக்குக் கிடைக்காததற்குக் காரணம் இதுவே. மாணவன் மேல் குறையில்லை. கம்பியின் மேல்தான் குறை.

இணைப்புக் கிடைக்காதபோது என்ன செய்தார்கள்? இதற்கு ஒரு முறை இருந்தது. பால்மரம் சீவுகிறவருக்கு அது எளிதில் விளங்கும். மங்கில் பால் விழவில்லையென்றால் உடனே மரத்தைக் குறை சொல்ல மாட்டார். கோட்டைப் பார்ப்பார், பீலியைப் பார்ப்பார், மங்கைப் பார்ப்பார். பால் வரும் வழியே கண்ணைச் செலுத்துவார். மோடத்தின் பிழையையும் அப்படித்தான் வரிசையாகத் தேட வேண்டியிருந்தது.

முதலாவது, கம்பி. மோடத்தைக் கழற்றிவிட்டு அதே துளையில் சாதாரணத் தொலைபேசியை மாட்டிக் கேட்க வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் பிழை மோடத்தில் இல்லை. மழைக் காலத்தில் கம்பி ஒட்டுகளில் ஈரம் இறங்கிச் செம்பில் பச்சைக் களிம்பு பிடித்துக் கொள்ளும்.

இரண்டாவது, சுழற்றும் ஒலி. தொலைபேசியில் ஒலி நன்றாகக் கேட்கும். ஆனாலும் மோடம் “டயல் டோன் இல்லை” என்று சொல்லும். அமெரிக்காவில் செய்த மோடத்துக்கு அந்நாட்டு ஒலிதான் பழக்கம். ஒவ்வொரு நாட்டு ஒலியும் வேறு. அப்போது ‘ஏ.டி.எக்ஸ்.3’ என்று கட்டளையிட்டால், ஒலிக்குக் காத்திராமல் மோடம் எண்ணைச் சுழற்றிவிடும். இந்தச் சிறு கட்டளை தெரியாமல் நல்ல மோடத்தைக் கெட்டுப் போனதென்று ஒதுக்கியவர்களும் உண்டு.

மூன்றாவது, இணைந்து அறுவது. வீட்டில் இன்னொரு தொலைபேசியை யாராவது எடுத்தாலும், இடையில் மற்றோர் அழைப்புக்கான ஒலி வந்தாலும் இணைப்பு அறுந்துவிடும். கம்பியே மோசமென்றால் மோடத்தின் உச்ச வேகத்தைக் குறைத்து வைப்பார்கள். அடிக்கடி அறுந்து போகும் வேகத்தைவிட, அறாமல் ஓடும் மெதுவான இணைப்பே வேலையைச் சீக்கிரம் முடித்தது.

நான்காவது, பெயரும் முகவரியும். மோடம் இணைந்தபின், சேவை நிலையம் பெயரையும் மறைச்சொல்லையும் கேட்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் கதவு திறக்காது. உள்ளே நுழைந்த பிறகும் பக்கம் வரவில்லையா? எண் முகவரியைக் கொடுத்தால் வருகிறது, பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் கணினியின் முகவரி தவறாகப் பதியப்பட்டுள்ளது என்று அறியலாம்.

பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் பல கணினிகள் ஒரே தொலைபேசியைப் பங்கிட்டுக் கொள்ள ரவுட்டர் என்னும் வழிகாட்டிக் கருவி பயன்பட்டது. யாராவது ஒருவர் கேட்டால் அது எண்ணைச் சுழற்றும். வேலை முடிந்து சும்மா இருந்தால் தானே துண்டிக்கும். ஆனால் சரியாக அமைக்காவிட்டால், ஆளில்லாத நேரத்தில் கணினிகள் தமக்குள் அனுப்பிக் கொள்ளும் சிறு செய்திகளைக் கண்டும் அது எண்ணைச் சுழற்றும். இரவெல்லாம் நிமிடக் கட்டணம் ஏறும். மாதக் கடைசியில் கட்டணச் சீட்டைப் பார்த்த பிறகே உண்மை தெரியும். ஆகவே எந்தச் செய்திக்குச் சுழற்ற வேண்டும், எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் துண்டிக்க வேண்டும் என்னும் இரண்டையும் முதலிலேயே பதிவு செய்வது அவசியமாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலான எதிரி இடி மின்னல். மலேசியாவில் இடி மழைக்குக் குறைவில்லை. மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தொலைபேசிக் கம்பியை மறந்தவர்களின் மோடங்கள் அந்தக் கம்பி வழியே வந்த மின்னலில் கருகின.

இந்தக் குறுகிய பாதையில் நம் மொழியும் நடந்திருக்கிறது. ஒரு நிழற்படம் வர நிமிடக் கணக்கில் காத்திருந்த காலத்தில், எழுத்து மட்டும் விரைந்து வந்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் மலேசியாவில் முத்து நெடுமாறனும் தமிழ் எழுத்தைக் கணினியிலும் இணையத்திலும் ஏற்றப் பாடுபட்டனர். 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட்97’ மாநாடு கூடியது. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. கம்பியின் வேகம் குறைவுதான். ஆனால் தமிழ் எழுத்தைக் கொண்டு செல்ல அது போதுமானதாக இருந்தது.

2001இல் மலேசியாவில் ‘ஸ்ட்ரீமிக்ஸ்’ என்னும் அகன்ற அலைவரிசைச் சேவை வந்தபின், எண்ணைச் சுழற்றும் வழக்கம் மெல்லக் குறைந்தது. ஜாரிங் 2015இல் மூடப்பட்டது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் தன் தொலைபேசி வழிச் சேவையை 2025 செப்டம்பர் 30இல் நிறுத்தியது.

கருவி போய்விட்டது, அது கற்பித்த பாடம் போகவில்லை. ஒன்று, பிழையைத் தேடும்போது பதறாமல், தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும். எது சரியாக இருக்கிறது என்று உறுதி செய்துவிட்டால், எது தவறு என்பது தானே வெளிப்படும். இம்முறை மோடத்துக்கும் பொருந்தும், பிள்ளைகளின் கணக்குப் பாடத்துக்கும் பொருந்தும். மற்றொன்று, கம்பி வந்து சேராத இடத்தில் இருப்பவர்களும் கேட்கும் உரிமை உடையவர்கள். காது கேளாத ஓர் அறிஞரும், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளருக்காக வழக்காடிய ஒரு வணிகரும் அதை நிலைநாட்டிக் காட்டினார்கள். உங்கள் பகுதிப் பள்ளிக்கு நல்ல இணைப்பு இல்லையென்றால், நமக்கு இவ்வளவுதான் என்று இருந்துவிடாதீர்கள். எங்கே குறை என்று கண்டறியுங்கள். அதை எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள்.