சேர்வராயன் மலையில் டயர் கழற்றும் தொழில்

சேர்வராயன் மலைக்குச் சக்கரம் பிந்தித்தான் வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து நட்ட காலத்தில், மேலே போனவர்கள் குதிரையிலும் டோலியிலும் போனார்கள். விளைச்சல் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலும் இறங்கியது. மாரமங்கலம், நாகலூர், வாழவந்தி போன்ற மலையாளி மக்களின் ஊர்களை இணைத்தவை ஒற்றையடிப் பாதைகள். 1860-களில் ரயில் சேலத்தைத் தொட்டதும் அடிவாரத்திலிருந்து ரயிலடிவரை காப்பி மூட்டைக்கு மாட்டுவண்டி தேவைப்பட்டது. பாதை அகலமானபோது வண்டி மலைமேலும் ஏறியது. சக்கரம் வந்த இடத்தில் அதன் வெளிச்சுற்றைக் கழற்றி மாட்டுகிற வேலையும் வந்துவிடும். அந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்வதா, அதற்கென்று இருப்பவரிடம் போவதா என்பது அன்றிலிருந்து பலமுறை எழுந்த கேள்வி. காலத்துக்குக் காலம் அதன் பதில் மாறியிருக்கிறது.

மாட்டுவண்டியின் டயர் இரும்பு. குடம், ஆரக்கால், வட்டை என்று தச்சர் கோத்துக் கொடுத்த மரச்சக்கரத்துக்குக் கொல்லர் பட்டா போடுவார். பட்டாவின் சுற்றளவு சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் கொல்லரின் கைத்திறன். தரையில் பட்டாவைக் கிடத்தி, அதைச் சுற்றி வரட்டியை வட்டமாக அடுக்கி நெருப்பு வைப்பார்கள். இரும்பு சிவந்து விரிந்ததும் இரண்டு மூன்று பேர் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி உட்கார வைத்து, மரம் பற்றிக்கொள்வதற்குள் தண்ணீரை ஊற்ற வேண்டும். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால்களின் பொருத்தெல்லாம் கிறீச்சிட்டு இறுகும். கோடையில் மரம் காய்ந்து பட்டா தளர்ந்தால் வண்டிக்காரர் சக்கரத்தைக் குளத்தில் ஊறப்போட்டுச் சமாளிப்பார். அதற்கு மேல் அவரால் ஆகாது. உலையும் ஆள்பலமும் தேவைப்பட்ட இந்த வேலையை எந்த வீடும் சொந்தமாக வைத்துக்கொள்ள நினைக்கவில்லை.

ரப்பர் டயர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. ஜான் பாய்ட் டன்லப் 1888-ல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அவர் டயரைச் சக்கரத்தோடு ஒட்டிவிட்டதால், பஞ்சர் ஆனால் பிரிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். 1891-ல் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரைக் கொண்டுவந்தனர். 1895-ல் பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் காற்றடைத்த டயர் மாட்டிய காரையும் ஓட்டிக் காட்டினர். டயர் கழற்றுவது ஒரு தனி வேலையாகப் பிறந்தது இங்கேதான். தொடக்கக் காலக் கார்களில் சக்கரத்தைத் தனியே கழற்ற முடியாது. வண்டியோடு சக்கரம் நிற்க, வழியிலேயே டயரை நெம்பி எடுத்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். 1904-ல் வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ், காற்றடைத்துத் தயாராக வைத்த ஒரு ரிம்மைப் பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் பிடிபோட்டு மாட்டும் வழியைக் கண்டார். அவர் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. கழற்றும் சக்கரங்கள் வந்ததும் அந்தக் கருவி மறைந்துவிட்டது. பெயர் மட்டும், மாற்றுச் சக்கரத்தைக் குறித்து, தமிழ்நாட்டு டிரைவர்களின் வாயில் இன்றும் நிற்கிறது.

மலைச்சாலையில் மோட்டார் ஓடத் தொடங்கியபோது டயர் வேலை முழுக்க டிரைவருடையது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் 1,500 மீட்டரை ஒட்டி. ஏற்றத்தில் பின்சக்கரம் உழைக்கும். இறக்கத்தில் பிரேக்கின் சூடு ரிம்முக்கும் ரிம்மிலிருந்து டியூபுக்கும் ஏறும். ஒவ்வொரு வளைவிலும் முன்டயரின் தோள் சாலையில் உரசும். நடுவழியில் டயர் போனால் உதவிக்குக் கடை கிடையாது. எனவே ஜாக்கி, வீல் ஸ்பேனர், இரண்டு டயர் லிவர், பம்பு, சொல்யூஷன், உப்புத்தாள், ஒட்டு ரப்பர் எல்லாம் வண்டிக்குள்ளேயே இருந்தன. எஸ்டேட் பங்களாவின் கார் ஷெட்டிலும் இதே சாமான்கள்தான். வீட்டிலேயே டயர் மாற்றுவது என்பது இந்த மலையில் உண்மையாகவே வழக்கமாக இருந்த காலம் அது ஒன்றுதான். வசதி பார்த்து வந்த வழக்கம் இல்லை, வேறு கதியில்லாததால் வந்தது.

கையால் டயர் கழற்றுவதில் நுணுக்கம் ஒன்றே. டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி வளையம் ஓடுகிறது, அது இழுபடாது. ரிம்மின் விளிம்போ அந்த வளையத்தைவிடப் பெரியது. பெரியதைத் தாண்டிச் சிறியது எப்படி வெளியே வரும் என்றால், ரிம்மின் நடுவில் குழிவான பகுதி ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்து விளிம்பை அந்தக் குழிக்குள் முழங்காலால் அழுத்தி வைத்தால் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். அங்கே லிவரைக் கொடுத்து நெம்பினால் டயர் வந்துவிடும். குழியை மறந்து பலத்தை மட்டும் நம்பியவர் டியூபைக் கிழிப்பார், அல்லது விரலை நசுக்கிக்கொள்வார். மாதக்கணக்கில் கழற்றாமல் துருவோடு ஒட்டிப்போன டயரை ரிம்மிலிருந்து பெயர்ப்பது வேறு பாடு. அதற்கு டயரைத் தரையில் போட்டு வண்டியையே அதன் மேல் ஏற்றுவது, அல்லது வண்டியின் அடியில் வைத்து ஜாக்கியால் அமுக்குவது என்ற வழிகள் பழக்கத்தில் இருந்தன. இன்றைய மெஷின் செய்வதும் இவ்விரண்டு காரியங்களைத்தான்: பெயர்ப்பது, நெம்புவது.

இரண்டாம் உலகப் போர் டயரைத் தங்கமாக்கியது. 1942-ல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரப்பர் வரத்து சுருங்கியது. டயர் விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரி கேஸில் ஓடின. தேய்ந்த டயரைத் தூக்கிப் போடாமல் புது ரப்பர் ஏற்றி ஓட்டும் ரீட்ரேடிங் பெரிய தொழிலாக வேர்விட்டது. சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்ய ஆரம்பித்த கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1952-ல் ரீட்ரேடிங் ரப்பருக்கு மாறியதும், அவருடைய எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1961-ல் டயர் தொழிற்சாலையாக வளர்ந்ததும் இந்தத் தேவையின் தொடர்ச்சிதான். ரீட்ரேடிங் செய்ய வேண்டுமென்றால் டயரைக் கழற்றிச் சேலத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டு ஷெட்டிலிருந்து டயர் வேலை முதன்முதலாக வெளியே போனது இப்படி.

சுதந்திரத்துக்குப் பின் எஸ்டேட்டுகளுக்கு ஜீப் வந்தது, மலைமேல் லாரி பெருகியது. காப்பி, மிளகு, சில்வர் ஓக் மரம், பலா, ஆரஞ்சு என்று இறக்க வேண்டியவை ஏராளம். 1965-ல் மேட்டூரில் மால்கோ நிறுவனம் அலுமினியம் எடுக்கத் தொடங்கியதும் சேர்வராயன் மலையின் பாக்சைட்டும் அந்தச் சுமையில் சேர்ந்தது. கீழே சங்ககிரி லாரிகளுக்கும், நாமக்கல் லாரி பாடி கட்டுவதற்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கும் பேர்பெற்றன. இத்தனை டயர்கள் உருளும் வட்டாரத்தில் பஞ்சர் கடை சாலைக்குச் சாலை முளைத்ததில் ஆச்சரியமில்லை. 1973-ல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் தொடங்கியபின் பஸ் டயர் பணிமனையின் சொந்த வேலையானது.

பஞ்சர் கடையின் சாமான்கள் குறைவு, பயன் அதிகம். முன்னால் அடையாளத்துக்கு ஒரு பழைய டயர், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, உள்ளே கம்ப்ரசர். 1960-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய எல்ஜி நிறுவனத்தின் கம்ப்ரசர்கள் இந்தக் கடைகளுக்குப் பழகிய சரக்கு. பட்டறைக் கருவிகளும் அதே ஊரிலிருந்து வந்தன. ஒட்டுப் போட வல்கனைசிங் பிடி ஒன்று இருக்கும். பழைய எஞ்சின் பிஸ்டனையே கிண்ணமாக்கி, அதில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினால், எரிந்து அணைவதற்குள் அடியிலிருக்கும் ரப்பர் டியூபோடு இளகிச் சேர்ந்துவிடும். எவ்வளவு ஊற்றுவது என்பதே கடிகாரம்.

லாரிச் சக்கரம்தான் இந்தத் தொழிலின் ஆபத்தான பகுதி. அதன் ரிம் ஒரே துண்டு அல்ல. பக்கத்தில் ஒரு இரும்பு ரிங் டயரைப் பிடித்து நிறுத்துகிறது. காற்றை முழுக்க இறக்கி, சம்மட்டியால் டயரைத் தளர்த்தி, ரிங்கின் பிளவில் லிவரைக் கொடுத்துக் கிளப்பினால் டயரை அப்படியே தூக்கிவிடலாம். டயரின் விளிம்பை நெம்பும் வேலையே இல்லை. ஆனால் திரும்ப மாட்டிக் காற்றடிக்கும்போது ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் அது பறக்கும். அதனால் ரிங் பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டோ, சங்கிலி சுற்றியோ காற்றடிப்பார்கள். இத்தகைய சக்கரங்களால் உயிர்ச்சேதம் மிகுந்ததால் அமெரிக்க அரசு 1980-ல் இதற்கென்றே தனிப் பாதுகாப்பு விதி கொண்டுவந்து, கூண்டுக்குள் வைத்துக் காற்றடிப்பதைக் கட்டாயமாக்கியது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கோட்ஸ் போன்ற நிறுவனங்கள் டயர் கழற்றும் மெஷினைப் பட்டறைகளுக்குப் பழக்கின. 1954-ல் தொடங்கிய இத்தாலியின் கோர்கி நிறுவனம் ஐரோப்பாவில் அதை வளர்த்தது. சுழலும் மேசை ஒன்று, அதில் ரிம்மைக் கவ்வும் நான்கு கொக்கிகள், பக்கவாட்டில் காற்றழுத்தத்தால் டயரை ரிம்மிலிருந்து பெயர்க்கும் மண்வெட்டி போன்ற தகடு, மேலே இறங்கும் கம்பத்தின் நுனியில் வளைந்த ஒரு தலை. விளிம்பை ஒருமுறை லிவரால் அந்தத் தலைமேல் ஏற்றிவிட்டு மிதியை அழுத்தினால் மேசை சுற்றும். டயர் தானே உரிந்து வரும். அதற்குள் விளிம்பில் சோப்புநீர் தடவியிருக்க வேண்டும்; எதிர்ப்பக்கம் நடுக்குழியில் இறங்கியிருக்க வேண்டும். முழங்காலால் செய்த அதே வித்தை.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இந்த மெஷின் நெடுநாள் தேவைப்படவில்லை. அம்பாசடர், ஜீப், லாரி மூன்றையும் லிவரும் சம்மட்டியும் பார்த்துக்கொண்டன. நிலைமையை மாற்றியவை டியூப்லெஸ் டயரும் அலாய் வீலும். அமெரிக்காவில் 1947-லேயே குட்ரிச் நிறுவனம் அறிவித்த டியூப்லெஸ் டயர், இந்தியக் கார்களில் 2000-க்குப் பிறகுதான் பரவலானது. அதில் டயரும் ரிம்மும் சேரும் விளிம்பே காற்றைத் தடுத்து நிறுத்தும் முத்திரை; லிவர் கீறினால் காற்று கசியும். அலாய் வீலில் கீறல் விழுந்தால் உரிமையாளர் சும்மா விடமாட்டார். கடைக்காரர்கள் மெஷின் வாங்கியது உழைப்பைக் குறைக்க என்பதைவிட, இந்தச் சண்டையைத் தவிர்க்க என்றே சொல்லலாம்.

ஆனால் அதே டியூப்லெஸ் டயர் மெஷினின் வேலையில் பாதியைப் பறித்தும்விட்டது. ஆணி குத்தினால் டயரைக் கழற்றவே வேண்டாம். ஆணியைப் பிடுங்கி, துளையை அரம் போன்ற ஊசியால் துருவி, பசை தோய்த்த ரப்பர் திரியைச் செருகி, வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டால் போதும். இதற்கான கிட் சட்டைப்பைக்குள் அடங்கும். பன்னிரண்டு வோல்ட் பம்பு வண்டியின் பேட்டரியிலேயே ஓடும். 2020 அக்டோபர் முதல், இத்தகைய கிட்டும் டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் உள்ள 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வாகனங்கள் ஸ்டெப்னி இல்லாமலே ஓடலாம் என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. டிரைவர் தன் கையாலேயே பஞ்சர் பார்த்த பழைய காலம் வேறு உருவில் திரும்பியிருக்கிறது.

வீட்டு உபயோகத்துக்கு என்று சிறிய மெஷின்கள் சந்தைக்கு வந்திருப்பது இந்த நேரத்தில்தான். மாரமங்கலம் போன்ற மலையூரில் ஒரு வீடு அதை வாங்கலாமா என்று பார்த்தால் கணக்கு நேரானது. ஒரு கார் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடி, டயர் 40,000 கிலோமீட்டர் தாங்கினால், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நான்கு டயர். மலையோட்டத்தில் முன்டயர் சீக்கிரம் தேயும் என்று சேர்த்துக்கொண்டாலும் மெஷின் பெரும்பாலான நாள் தூசிதான் தாங்கும். பட்டறை மெஷின் 200 கிலோ அளவு எடை. கான்கிரீட் தரையில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். ஒரு குதிரைத்திறன் அளவு மோட்டார். அதோடு 8 முதல் 10 பார் அழுத்தம் தரும் கம்ப்ரசர். கார் டயரை மாட்டினால் பேலன்சிங் பார்க்க வேண்டும். அதற்கு இன்னொரு மெஷின். அது இல்லாவிட்டால் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு எப்படியும் கடைக்குத்தான் போக வேண்டும். போன இடத்திலேயே டயரும் மாட்டிக் கொடுப்பார்கள்.

எஸ்டேட்டின் கணக்கு வேறு. நான்கைந்து ஜீப், பிக்கப், டிராக்டர், டிரெய்லர் என்று வைத்திருக்கும் தோட்டத்தில் கல்லும் முள்ளும் நிறைந்த உட்பாதைகள் டயரை ஆண்டு முழுவதும் பதம்பார்க்கும். இவற்றில் பல இன்னும் டியூப் போட்டு ஓடுபவை. பஞ்சர் என்றால் கழற்றியே ஆக வேண்டும். வேகம் குறைவு என்பதால் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் பேலன்சிங் தொல்லை இல்லை. இங்கே தரையில் பதித்துக் கையால் இயக்கும் சாதாரண மெஷினே செலவைத் தேற்றிவிடும். மின்சாரத்தின் தயவும் வேண்டாம். டிராக்டரின் பெரிய பின்டயர் மட்டும் அதற்கு அடங்காது; அதை இன்றும் லிவரும் இரண்டு ஆளும்தான் கழற்றுகிறார்கள். மெஷின், கம்ப்ரசர் இரண்டில் எதை முதலில் வாங்குவது என்றால் கம்ப்ரசரைத்தான் வாங்க வேண்டும். தினமும் டயரில் காற்றுச் சரிபார்ப்பதற்கும், மருந்தடிக்கும் கருவிகளின் அடைப்பை ஊதி எடுப்பதற்கும் அது பயன்படும். பின்னால் காற்றழுத்தத்தில் இயங்கும் பட்டறை மெஷின் வந்தால் அதற்கும் அதே காற்று போதும்.