ஓஸ் குழாய்க் கொம்பு

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் ஓஸின் ஒரு முனையில் ஊதுவாயும் மறுமுனையில் புனலும் பொருத்தி, வீட்டிலேயே செய்துகொள்ளும் காற்றுக் கருவி இது. ஊதுவாயைத் தவிர வேறெங்கும் உலோகம் தேவையில்லை. ஆனாலும் உதட்டின் அதிர்விலேயே ஒலி பிறப்பதால், டிரம்பெட், பிரெஞ்சு ஹார்ன், கோயில் எக்காளம் ஆகியவற்றின் இனத்தில்தான் இதைச் சேர்க்க வேண்டும்.

அரை அங்குல ஓஸின் உள்விட்டம் 12.7 மி.மீ. ஹார்னின் குழலும் ஏறக்குறைய அதே பருமன்தான். ஊதுவாயின் காம்பில் டேப் சுற்றி, காற்றுக் கசியாமல் ஓஸுக்குள் இறுக்க வேண்டும். சிறு கசிவு இருந்தாலும் மேல் சுரங்கள் நழுவிவிடும். ஓஸைச் சுருட்டி வைக்கலாம், மடிந்து நசுங்கக் கூடாது. எஃப் ஹார்னின் குழல் நீளம் சுமார் 3.7 மீட்டர். அதே நீளத்தில் தொடங்கி ஏறக்குறைய 20 செ.மீ. நறுக்கினால் சுருதி அரைச்சுரம் ஏறும். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் விரற்கடை விரற்கடையாகக் குறைப்பதே நல்லது.

புனலை வெறும் அலங்காரம் என்று விட்டுவிடக் கூடாது. ஒரு பக்கம் உதட்டால் அடைபட்ட நேர்க்குழாய், அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை மடங்குகளில் மட்டுமே ஒலிக்கும். ஊதுவாய் மேல் சுரங்களைச் சற்றே தாழ்த்துகிறது. விரிந்த வாய் கீழ்ச் சுரங்களை உயர்த்துகிறது. இரண்டும் கூடியே 2, 3, 4, 5, 6 என்ற முழுத் தொடர், அதாவது ச, ப, மேல் ச, அந்தர காந்தாரம், ப என்ற வரிசை கிடைக்கிறது. சமையலறைப் புனல் இந்த வேலையை அரைகுறையாகவே செய்யும். அடிச் சுரங்கள் சுருதி விலகி நிற்பது அதனால்தான். ஏழாவது சுரம் கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே விழும். இது எந்த ஹார்னிலும் உள்ள இயல்பு, செய்தவரின் குறையல்ல.

இந்தக் கருவியின் புகழ்பெற்ற மேடை, 1956 நவம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஜெரார்டு ஹாஃப்னுங் நடத்திய இசை விழா. ஹார்ன் மேதை டென்னிஸ் பிரெய்ன், லியோபோல்டு மொசார்ட் ஆல்ப்ஸ் மலைக் கொம்புக்கு எழுதிய இசையை ஓஸில் வாசித்தார். நகைச்சுவை விழாதான் என்றாலும் வாசிப்பில் விளையாட்டில்லை. சுருதி சேர, ஓஸைத் தோட்டக் கத்தரியால் நறுக்கிச் சரிசெய்திருந்தார். தேர்வும் கச்சிதமானது: மலைக் கொம்பிலும் வால்வு கிடையாது, அதற்கென எழுதிய சுரங்கள் அனைத்தும் இயற்கைத் தொடருக்குள்ளேயே அடங்கிவிடும்.