வண்டிக் கடன் கேட்கும் முன் சிபில் அறிக்கையைப் பாருங்கள்: பிழை இருந்தால் திருத்தும் வழிமுறை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பகுதி விவசாயக் குடும்பங்களுக்கு இன்று வண்டியும் ஒரு வருமான வழி. சிலர் காய்கறியைக் கோயம்பேட்டுக்கு ஏற்றிச் செல்ல மினி லாரி வாங்குகிறார்கள். சிலர் தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றி இறக்க கார் அல்லது வேன் வாங்கி வாடகைக்கு விடுகிறார்கள். முன்பணம் கட்டி வண்டியை புக் செய்த பிறகுதான் பலருக்கு "சிபில் சரியில்லை, கடன் கிடைக்காது" என்ற பதில் வருகிறது.

தவணை தவறியது காரணமாக இருக்கலாம். அறிக்கையில் தவறாக ஏறிய ஒரு பதிவும் காரணமாக இருக்கலாம். தவறான பதிவைத் திருத்த உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, ஆனால் அதற்கு 30 நாள் வரை ஆகும். எனவே வண்டியை புக் செய்வதற்கு இரண்டு மாதம் முன்பே அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

சிபில் அறிக்கை என்பது என்ன?

பால் சொசைட்டியில் உங்கள் பாலின் அளவையும் கொழுப்பையும் எழுதுவது அவர்கள். அந்தக் கணக்குப்படிதான் உங்களுக்குப் பணம் வரும். கடன் அறிக்கையும் அப்படித்தான். நீங்கள் வாங்கிய கடன், கட்டிய தவணை, தாமதமான நாட்கள் எல்லாவற்றையும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் எழுதி அனுப்புகின்றன. கடன் தகவல் நிறுவனம் அதைத் தொகுத்து 300 முதல் 900 வரை ஒரு ஸ்கோர் தருகிறது. பொதுவாக 750-க்கு மேல் இருந்தால் நல்லது.

இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. வங்கிகள் 15 நாட்களுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதியை ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

குறைந்த ஸ்கோருக்கு வட்டி கூடலாம். ஒரு கணக்கு பாருங்கள். 5 லட்சம் ரூபாயை 5 ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,379 ரூபாய். அதுவே 12 சதவீதம் என்றால் சுமார் 11,122 ரூபாய். ஐந்து ஆண்டில் கூடுதல் செலவு 44,500 ரூபாய்க்கும் மேல். பாதிப்பு கடனோடு நிற்பதில்லை. மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி பாரத ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை தேடும் பிள்ளைகளும் தங்கள் அறிக்கையைப் பார்த்து வைப்பது நல்லது.

அறிக்கையை இலவசமாகப் பெறுவது எப்படி?

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பான் எண், பிறந்த தேதி, கைபேசி எண் கொடுத்து, வரும் ஓடிபியைப் பதிவிட்டால் கிடைக்கும். வீட்டுப் பிள்ளைகளின் உதவியோடு பாருங்கள். ஓடிபியை வெளியாரிடம் சொல்லாதீர்கள். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் இல்லாத பிழை இன்னொன்றில் இருக்கலாம். ஆகவே நான்கையும் எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய பிழைகள்

1. பெயரும் இனிஷியலும்: ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாகப் பின்னால், நிலப் பட்டாவில் வேறு மாதிரி என்று நம் பக்கம் இருப்பது வழக்கம். இதனால் அதே பெயருள்ள இன்னொருவரின் கடன் உங்கள் கணக்கில் ஏறிவிடலாம். பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி ஆகியவற்றை முதலில் சரிபாருங்கள்.

2. முடிந்த நகைக்கடன்: நகையை மீட்டு வந்த பிறகும் கணக்கு நிலுவையில் இருப்பதாகக் காட்டலாம். டிராக்டர், பைக் கடன்களையும் இதேபோல் பாருங்கள்.

3. தள்ளுபடியான பயிர்க்கடன்: 2021-இல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அப்படித் தள்ளுபடியான கடன் உங்கள் அறிக்கையில் பாக்கி என்றோ, வாராக்கடன் என்றோ இருந்தால் திருத்தம் கேளுங்கள். தள்ளுபடிச் சான்றுதான் ஆதாரம்.

4. கிசான் கிரெடிட் கார்டு: அறிக்கையில் டிபிடி என்ற பகுதி, மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்று காட்டும். 000 என்றால் தாமதம் இல்லை. 2015 வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் போன்ற பேரிடருக்குப் பின் வங்கி உங்கள் கடனின் தவணைத் தேதியை மாற்றிக் கொடுத்திருந்தால், பழைய தேதிப்படி தாமதம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

5. வாங்காத கடன்: தன் பான் எண்ணில் யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கியதால் சிபில் ஸ்கோர் பாதிக்கப்பட்டதாக இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ் 2022 ஏப்ரலில் வெளிப்படையாகப் புகார் சொன்னார். ஆதார், பான் நகல்களைப் பலரிடம் கொடுக்கும் நமக்கும் இது நடக்கலாம். நீங்கள் வாங்காத கடன் தென்பட்டால், கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்துக்கு எழுதுவதோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள். மகளிர் குழுக் கடன்களையும் மறக்காமல் சரிபாருங்கள்.

திருத்துவது எப்படி?

முதலில் ஆதாரங்களைச் சேருங்கள்: கடன் முடிப்புச் சான்று, என்ஓசி, பணம் கட்டிய ரசீது, பாஸ்புக் நகல்.

அடுத்து, கடன் கொடுத்த வங்கிக் கிளையில் எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது.

அதே நாளில் கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலும் புகார் பதியுங்கள். அறிக்கையில் உள்ள கட்டுப்பாட்டு எண், தவறான கணக்கின் எண், சரியான விவரம் மூன்றும் வேண்டும். வங்கி உறுதி செய்யாமல் இந்த நிறுவனம் தானாகத் திருத்த முடியாது. அதனால்தான் இரண்டு இடத்திலும் கொடுக்கச் சொல்கிறோம்.

புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் தீர்வு வர வேண்டும். இதில் 21 நாள் வங்கிக்கான அவகாசம். 30 நாளைத் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் உள்ளது.

30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரத்துக்கு 14448 என்ற எண்ணை அழையுங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் மீதான புகார்களையும் 2022 செப்டம்பர் 1 முதல் குறைதீர்ப்பாளர் விசாரிக்கிறார்.

பிழை அல்லாதவை

உண்மையிலேயே தவறிய தவணையை யாராலும் அழிக்க முடியாது. "பணம் கொடுங்கள், சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்பவர்களை நம்ப வேண்டாம். குறைத்துக் கட்டி சமரசமாக முடித்த கடன் "செட்டில்டு" என்று இருப்பதும் பிழை அல்ல. மீதியைக் கட்டி முடித்து, கணக்கை முடித்ததாக மாற்றித் தரும்படி வங்கியைக் கேட்கலாம். உறவினருக்கு நீங்கள் போட்ட ஜாமீனும் அறிக்கையில் வரும். அவர் தவணை தவறினால் அது உங்களையும் பாதிக்கும்.

இதுவரை கடனே வாங்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பிப்பவரை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது.

ஷோரூமில் ஒரே நேரத்தில் நான்கைந்து நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்ப அனுமதிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும், அதனாலும் ஸ்கோர் குறையலாம்.

எப்போது தொடங்குவது?

நவரை அறுவடைப் பணத்தில் வண்டி வாங்க நினைப்பவர்கள் நடவு முடிந்த கையோடு அறிக்கையை எடுத்துவிடுங்கள். பிழை இருந்தாலும் அறுவடைக்குள் திருத்தி, புதிய அறிக்கையைப் பார்த்து உறுதி செய்துகொள்ள நேரம் இருக்கும். அதன் பிறகு முன்பணம் கட்டுங்கள். வண்டிக் கடனைக் கட்டி முடித்ததும் என்ஓசியும் படிவம் 35-ம் பெற்று, ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி புத்தகத்திலிருந்து கடன் பதிவை நீக்குங்கள். இரண்டு மாதம் கழித்து, அந்தக் கடன் முடிந்ததாக அறிக்கையில் வந்திருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துவிடுங்கள்.