பதினான்கு நிமிடப் பேச்சு

மங்கரே விமான நிலையத்தில் இறங்கி ஆக்லாந்தில் குடியேற, 1990களில் விமானச் சீட்டு மட்டும் போதாது. 1995 அக்டோபரில் நியூசிலாந்து ஆங்கில விதியை இறுக்கியது. திறன் அடிப்படையில் விண்ணப்பித்தவர் ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. உடன் வரும் துணைவர் தேறாவிட்டால் 20,000 டாலர் பிணைத்தொகை!

மூன்று மாதத்தில் தேறினால் முழுப்பணமும் திரும்பும். ஓராண்டு தாண்டினால் போனது போனதுதான். குடும்பங்களை வாட்டிய அந்த முறை 1998இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஆங்கில வகுப்புக்கு முன்கூட்டியே பணம் கட்டும் ஏற்பாடு வந்தது.

ஐஇஎல்டிஎஸ்ஸில் பலரைக் கலங்கடித்தது பேச்சுத் தேர்வுதான். இன்றைய முறையில் தேர்வாளர் எதிரே 11 முதல் 14 நிமிடம். ஏழாம் தரத்துக்கான வரையறையிலேயே மரபுத்தொடர்ப் பயன்பாடு இடம்பெறுகிறது. அதனால் தொடர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யும் பழக்கம் பரவியது.

“எப்போதாவது சமைப்பீர்களா?” என்ற கேள்விக்கு “ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்” (மிக அரிதாக) கச்சிதமாகப் பொருந்தும். மழை பற்றிய பேச்சே இல்லாதபோது “கேட்ஸ் அண்ட் டாக்ஸ்” என்று திணித்தால், ஒப்பிப்பது அப்பட்டமாகத் தெரியும். ஒன்பதாம் தரம் கேட்பது இயல்பையும் துல்லியத்தையும். தொடர்களை எண்ணி மதிப்பெண் போடுவதில்லை.