பட்டாளம் போன வழியில் கிடைச்ச சரித்திரம்

எங்க காலேஜ் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல போன வாரம் ஒரு சண்டை. "வெள்ளைக்காரன் வரலைன்னா நம்ம சரித்திரமே நமக்குத் தெரிஞ்சிருக்காது"ன்னு ஒருத்தன். "எல்லாத்தையும் திருடிட்டுப் போனதே அவன்தான்"ன்னு இன்னொருத்தன். அங்க டைப் பண்ண ஆரம்பிச்சது நீண்டு போச்சு, அதான் இங்க த்ரெட்டா போடுறேன். டூட்டி முடிஞ்சு பரவைக்கு வந்து உக்காந்து எழுதுறது, பொறுமையாப் படிங்க.

நெப்போலியன் 1798ல எகிப்து மேல படையெடுத்தப்போ, சிப்பாய்களோட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்களையும் கூட்டிட்டுப் போனார். ரொசெட்டா கல் கிடைச்சது, அதை வச்சு எகிப்தோட பழைய எழுத்தைப் படிச்சாங்க. இது பல பேருக்குத் தெரியும். அதே வருஷங்கள்ல நம்ம பக்கமும் இதே மாதிரி ஒண்ணு நடந்தது, அது அவ்வளவாத் தெரியாது.

ரெண்டும் சம்பந்தமில்லாத கதையும் இல்ல. 1799 ஜனவரியில கெய்ரோவுல இருந்து நெப்போலியன் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது வழியிலேயே ஆங்கிலேயர் கையில சிக்கிடுச்சு. மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு கொல்லப்பட்டார். அங்க ரொசெட்டா கல் கிடைச்சது ஜூலையில. ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில இருந்த ஒரு எஞ்சினியர் அதிகாரிதான் இந்தக் கதையோட நாயகர், காலின் மெக்கன்சி.

1754ல ஸ்காட்லாந்துல லூயிஸ் தீவுல பிறந்தவர். ஸ்கூல்ல நாம புரட்டின லாகரிதம் டேபிள் ஞாபகம் இருக்கா? அந்த லாகரிதத்தைக் கண்டுபிடிச்ச ஜான் நேப்பியரோட வம்சத்துல ஒரு பிரபு, தன் மூதாதையோட வாழ்க்கை வரலாற்றை எழுதிட்டிருந்தார். இந்துக்களுக்குக் கணக்குல என்னவெல்லாம் தெரிஞ்சிருந்ததுன்னு அவருக்குத் தகவல் திரட்டிக் கொடுத்தது மெக்கன்சி. பிரபு 1773ல இறந்துட்டார். 1783ல மெக்கன்சி கம்பெனிப் பட்டாளத்துல சேர்ந்து மதராஸ் வந்து இறங்கினார். அப்போ அந்தப் பிரபுவோட மகள் ஹெஸ்டர் எங்க இருந்தாங்க தெரியுமா? நம்ம மதுரையில! அவங்க கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனுக்கு இங்கதான் கம்பெனி உத்தியோகம்.

ஹெஸ்டர் மெக்கன்சியை மதுரைக்கு வரவழைச்சு இங்கிருந்த பண்டிதர்களை அறிமுகப்படுத்தி வச்சாங்க, தென்னாட்டுச் சரித்திரத்துக்கான சுவடிகளைத் திரட்டணும்ங்கிற திட்டமே மதுரையிலதான் பிறந்ததுன்னு ஒரு கதை உண்டு. சொன்னது அவங்க மகன் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன், 1832ல, பிரிட்டிஷ் பார்லிமெண்ட் கமிட்டி முன்னாடி. 1783ல அவருக்கு வயசு 8.

ஆனா மெக்கன்சியே 1817ல அதே ஜான்ஸ்டனுக்கு எழுதின கடிதத்துல கதை வேற. முதல் 13 வருஷம் போர், இடமாற்றம், அலைச்சல்னே போயிடுச்சு, இந்த விஷயத்துல பெருசா எதுவும் நடக்கலைங்கிறார். 1796ல இலங்கைப் போர் முடிஞ்சு திரும்பின பிறகு ஒரு இளைஞரைச் சந்திச்சேன், கதவு திறந்தது அப்போதான்கிறார்.

மதுரைக்காரனா எனக்கு முதல் கதைதான் பிடிச்சிருக்கு. ஆனா வார்டுல பேஷண்ட் ஒரு ஹிஸ்டரியும், கூட வந்த அட்டெண்டர் வேற ஹிஸ்டரியும் சொன்னா நான் யார் சொல்றதை எழுதுவேன்? பேஷண்ட் சொல்றதைத்தான். (1783ல மெக்கன்சி இருந்த படை திண்டுக்கல் பக்கம் போயிருக்கு. எங்க ஊர் வழியாப் போயிருக்குமோன்னு மார்க்கெட் லாரிகளுக்கு நடுவுல பைக் ஓட்டும்போது நினைச்சுக்குவேன்.)

அந்த இளைஞர் பேர் காவலி வெங்கட போரய்யா. ஏலூரைச் சேர்ந்த தெலுங்குக்காரர். பல மொழி தெரிஞ்சவர். அன்னிக்கு உள்ளூர் ஆட்களாலயே படிக்க முடியாமக் கிடந்த ஹளே கன்னடக் கல்வெட்டுகளைப் படிச்சுக் காட்டினவர். சம்பாதிச்ச பேருக்கு ஆயுசு இல்ல, 1803லயே இறந்துட்டார். தம்பிகள் லட்சுமய்யாவும் ராமசாமியும் வேலையைத் தொடர்ந்தாங்க.

மைசூரைப் பிடிச்சாச்சு. அடுத்தது என்ன? அளக்கணும். எவ்வளவு நிலம், எந்த ஊர், எந்த ஏரி, எவ்வளவு வரி. சுமார் பத்து வருஷம், 40,000 சதுர மைலுக்கு மேல மெக்கன்சி சர்வே பண்ணார். கம்பெனி கேட்டது வரைபடமும் கணக்கும். அந்தச் சாக்குல ஊர் ஊரா ஆள் அனுப்பி சரித்திரம் சேர்த்தது அவரோட சொந்த ஆசை. அதுக்குப் பெரும்பகுதி செலவும் சொந்தக் காசு.

அனுப்பின ஆட்கள் எல்லாம் நம்மவங்க. கோயில் கல்வெட்டுகளைப் பார்த்து எழுதினாங்க. செப்பேடு வச்சிருந்தவங்களைத் தேடிப் போனாங்க. கர்ணம்கிட்டயும் பெரியவங்ககிட்டயும் ஊர்க் கதையைக் கேட்டு 'கைபீது'ன்னு எழுதி வாங்கினாங்க. நிறைய இடத்துல ஜனங்க பயந்தாங்க. பின்ன? பட்டாளத்துக்காரன் அனுப்பின ஆள் வந்து "உங்க ஊருக்கு மானியம் யார் கொடுத்தா, பட்டயம் இருக்கா"ன்னு கேட்டா என்ன தோணும்? நாங்க கேம்ப் போட்டு பி.பி. பார்க்க நோட்டோட போனாலே, "இது எதுக்கு சார், ரேஷன் கார்டுல கை வைக்கவா?"ன்னு கேக்குறாங்க. அதனால கைபீதுல இருக்கிறது அப்படியே நடந்த சரித்திரம்னு எடுத்துக்க முடியாது. அதிகாரத்துல இருக்கிறவன் கேட்டதுக்கு ஊர் சொன்ன பதில் அது. மானியம் போயிடக் கூடாதுன்னு கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பாங்க, குறைச்சும் சொல்லியிருப்பாங்க.

நம்ம தொழில் ஆட்களும் இதுல உண்டு. ஜான் லேடன்னு ஒரு சர்ஜன், மொழிப் பித்தர், மைசூர் சர்வேயில டாக்டரா வேலை பார்த்தார். 1811ல கம்பெனி ஜாவா மேல படையெடுத்தப்போ மெக்கன்சியும் போனார், லேடனும் போனார். படேவியாவுல (இன்னிக்கு ஜகார்த்தா) காத்தோட்டமே இல்லாத ஒரு நூலகத்துக்குள்ள சுவடி தேடிப் போன லேடனுக்குக் காய்ச்சல். சில நாள்லயே இறந்துட்டார். நூலகத்துக் கெட்ட காத்துதான் காரணம்னு அன்னிக்கு நம்பினாங்க. எனக்கென்னவோ மலேரியான்னுதான் தோணுது. மெக்கன்சி பிழைச்சு, 1812ல பிரம்பானன் கோயில் இடிபாடுகளைப் போய்ப் பார்த்து அதைப் பத்தியும் எழுதினார். படை எங்க போச்சோ, அங்கெல்லாம் ஆராய்ச்சியும் பின்னாடியே போச்சு.

மெக்கன்சி 1815ல இந்தியாவின் சர்வேயர் ஜெனரல் ஆனார், 1821ல கல்கத்தா பக்கத்துல இறந்தார். விட்டுட்டுப் போனது என்னன்னு பாருங்க: 1,568 சுவடிகள், 2,070 ஊர் வரலாறுகள், 8,076 கல்வெட்டுப் பிரதிகள், 2,630 ஓவியங்கள், 6,218 நாணயங்கள். அவர் மனைவிகிட்ட இருந்து கம்பெனி இதை ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்குச்சு. ஹெச். ஹெச். வில்சன் 1828ல கேட்டலாக் போட்டார். ஒரு பகுதி லண்டனுக்குப் போச்சு, தென்னாட்டு மொழிச் சுவடிகள் மதராஸ் திரும்பி வந்தது. 1835ல வில்லியம் டெய்லர் மதராஸ்ல தமிழ்ச் சரித்திரச் சுவடிகளை அச்சிட்டார். பாண்டியர், நாயக்கர் சரித்திரம்னு பிறகு எழுதினவங்க அதை நிறையவே பயன்படுத்தினாங்க.

எனக்கு வயித்தெரிச்சல் லட்சுமய்யா விஷயத்துலதான். மெக்கன்சிக்கு அப்புறம் இந்த வேலையை நானே தொடர்ந்து நடத்துறேன்னு மனு போட்டார். அது 1830கள்ல கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டியோட கருத்துக்குப் போச்சு. அங்க செயலாளரா இருந்தவர் அசோகர் எழுத்தைப் படிச்ச ஜேம்ஸ் பிரின்செப். இந்தியர் ஒருத்தருக்கு இதுக்கான தகுதி இல்லைங்கிற ரீதியில பதில். இருபது வருஷத்துக்கு மேல அதே வேலையைப் பார்த்தவருக்கு! கேஸ் ஷீட் எழுதறது ஹவுஸ் சர்ஜன், மேல இருக்கறது யூனிட் சீஃப் பேருங்கிறது நமக்குப் பழகிப் போனதுதான். ஆனா "உனக்கு கேஸ் பார்க்கவே தெரியாது"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

அதனால குரூப்ல சண்டை போட்ட ரெண்டு பேருக்கும்: பட்டாளமும் பணமும் உத்தரவும் அவங்களோடது. படிச்சது, எழுதினது, வெயில்ல நடந்தது போரய்யாவும் லட்சுமய்யாவும் பேர் தெரியாத இன்னும் பல பேரும்.

1816ல தாமஸ் ஹிக்கி வரைஞ்ச மெக்கன்சி படம் நெட்ல கிடைக்கும், பாருங்க. நடுவுல சிவப்புக் கோட்டுல அவர், சுத்தி நம்ம ஆட்கள் மூணு பேர், ஒருத்தர் கையில டெலஸ்கோப். சுவடிகள் இப்போ சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டிடத்துல, அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துல இருக்கு. அடுத்த தடவை ட்ரெய்னிங்னு சென்னைக்குக் கூப்பிட்டா ஒரு நாள் லீவு போட்டு அங்க போகணும். மதுரை கைபீது எதுலயாவது பரவைன்னு ஒரு வரி வருதான்னு பார்க்கணும்.