கால் அணாவும் அலுவலகப் படியும்: கட்டணம் இடம்பெயர்ந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பம்பாய்ப் பருத்தி ஆலைகள் பலவற்றை நடத்தியவர்களுக்கான ஊதியம் எடையைக் கொண்டு கணக்கிடப்பட்டது. ஆலை உற்பத்தி செய்யும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கால் அணா. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால், 64 பவுண்டுக்கு ஒரு ரூபாய். ஆண்டுக்கு 20 இலட்சம் பவுண்டு நூற்கும் ஓர் ஆலையில் இது 31,250 ரூபாய் ஆகும். அந்த நூல் விற்றதா, விற்ற விலை பஞ்சின் விலையையும் கூலியையும் ஈடுகட்டியதா, பங்குதாரருக்கு ஏதேனும் மிஞ்சியதா என்ற வினாக்களுக்கு இக்கணக்கில் இடமில்லை. நூல் இயந்திரத்தை விட்டு வெளியே வந்ததுமே கமிஷன் பிறந்துவிடும்.

இந்த ஊதியத்தைப் பெற்றவர்கள் மேனேஜிங் ஏஜெண்டுகள். நிறுவனம் சட்டப்படி பங்குதாரருடையது; அதற்கு இயக்குநர் குழுவும் உண்டு. ஆயினும் நிறுவனத்தைத் தோற்றுவித்த குடும்பமோ வணிக இல்லமோ, நிர்வாகம் முழுவதையும் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளும். பங்கு வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தையும் சேர்த்தே வாங்கினார். இதை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்குவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. முதலீட்டுச் சந்தை வேரூன்றாத காலத்தில், முன்பின் அறியாத ஓர் ஆலைக்குப் பணம் கொடுக்க எவரும் துணியமாட்டார். அறிந்த ஒரு பெயருக்குக் கொடுப்பார். வங்கிக் கடனுக்கும் பெரும்பாலும் அந்தப் பெயரே பிணை. பெயருக்கு விலை கேட்கப்பட்டதில் வியப்பில்லை. அந்த விலையை எதன்மீது கணக்கிடுவது என்பதில்தான் ஒரு நூற்றாண்டுச் சச்சரவு அடங்கியிருக்கிறது.

சச்சரவின் வித்து பம்பாய்க்கு முன்பே கல்கத்தாவில் விழுந்துவிட்டது. துவாரகநாத் தாகூர் 1834-இல் தொடங்கிய கார், தாகூர் அண்டு கம்பெனி, இம்முறையின் முன்னோடியாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஹூக்ளி ஆற்றில் கப்பல்களை இழுத்துச் செல்லும் நீராவிப் படகுகளுக்கான கூட்டு நிறுவனத்தை அது நிர்வகித்தது. படகுகளுக்கு நிலக்கரி வேண்டும். 1836-இல் வாங்கப்பட்ட ராணிகஞ்சுச் சுரங்கமும் அதே இல்லத்தின் கையில் இருந்தது. நிலக்கரியை விற்பவரும், பங்குதாரர் சார்பில் அதை வாங்குபவரும் ஒருவரே ஆகும்போது, விலை நியாயமானதா என்று கேட்கும் ஆள் இல்லாமற்போகிறார். நிர்வாகக் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கொள்முதல் சீட்டின் வழியே அது வளரக்கூடும். பின்னாளில் கல்கத்தாவின் சணல், தேயிலை, நிலக்கரி நிறுவனங்களை ஒருசேர நிர்வகித்த பெரும் ஏஜென்சி இல்லங்களிலும் இந்த அமைப்பே விரிந்த அளவில் தொடர்ந்தது.

பம்பாயில் கால் அணாவின் விளைவு வேறு வகையானது. சந்தையில் நூல் தேங்கும் காலத்தில் உற்பத்தியைக் குறைப்பது பங்குதாரருக்கு நல்லது. ஏஜெண்டுக்கோ அது வருமான இழப்பு. நட்டத்திலும் ஆலை ஓட வேண்டும் என்ற நாட்டம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தரத்துக்கும் அதில் மதிப்பில்லை, எடைதானே கணக்கு. முரட்டு நூலாயினும் நயமான நூலாயினும் ஒரு பவுண்டு ஒரு பவுண்டுதான். இம்முறைக்கு எதிர்ப்பு எழுந்தபோது, உற்பத்தியை விடுத்து இலாபத்தின்மீது கமிஷன் பெறும் வழக்கத்தை முன்னெடுத்தவர்களுள் ஜம்ஷெட்ஜி டாட்டா முக்கியமானவர். நாளடைவில் பம்பாயில் இலாபத்தில் பத்து விழுக்காடு என்பது பெருவழக்காயிற்று.

சிக்கல் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் எந்த இலாபம்? இயந்திரத் தேய்மானத்தைக் கழிப்பதற்கு முன் உள்ள இலாபமா, கழித்த பின் உள்ளதா? பல ஒப்பந்தங்கள் முன்னதையே எடுத்துக்கொண்டன. ஆலை தேய்ந்துகொண்டிருக்க, அந்தத் தேய்வைக் கணக்கில் கொள்ளாத ஒரு தொகையின்மீது கமிஷன் கொடுக்கப்பட்டது. இலாபமே இல்லாத ஆண்டுகளுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றும் எழுதப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒவ்வொரு மாதமும் தவறாமல் வரும் ‘அலுவலகப் படி’. ஏஜெண்டின் அலுவலக வாடகைக்கும் எழுத்தர் சம்பளத்துக்கும் என்று சொல்லப்பட்ட இத்தொகைக்குச் செலவுக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அலுவலகம் ஒன்றே, அதிலிருந்து நிர்வகிக்கப்படும் நிறுவனங்களோ பல, ஒவ்வொன்றும் தனித்தனியே படி செலுத்தியது.

அகமதாபாத்தில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. அங்கே விற்பனையின்மீது கமிஷன் பெறும் வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. அந்தக் கமிஷனை ரூபாய்க்கு இத்தனை அணா என்று பங்கு பிரித்து, ஆலைக்கு முதலும் வைப்புத்தொகையும் திரட்டிக் கொடுத்தவர்களுக்கு வழங்கினர். ஆலையின் பங்கைவிட ஏஜென்சியின் பங்கை விரும்பியவர்கள் அறியாமையால் விரும்பவில்லை. ஆலை நட்டமடையக்கூடும், விற்பனை நடக்கும்வரை கமிஷன் நட்டமடையாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் பி. எஸ். லோகநாதன் இந்தியத் தொழில் அமைப்பைப் பற்றிய தம் ஆங்கில நூலை 1935-இல் வெளியிட்டார். மேனேஜிங் ஏஜென்சி முறையின் பயனையும் கேட்டையும் ஒருசேர எடைபோட்ட தொடக்ககால ஆய்வுகளுள் அது ஒன்று. மறு ஆண்டே நிறுவனச் சட்டம் திருத்தப்பட்டது. 1936-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏஜெண்டின் பதவிக்காலத்தை இருபது ஆண்டுகளாக வரையறுத்தது. புதிய நியமனங்களில் ஊதியம் நிகர இலாபத்தின் விழுக்காடாகவே இருக்க வேண்டும் என்றது. தேய்மானத்தைக் கழித்த பின்னரே நிகர இலாபம் என்றும் விளக்கியது. கால் அணாவுக்குச் சட்டம் கதவடைத்தது இங்கேதான். ஆனால் அதே பிரிவு குறைந்தபட்ச ஊதியத்தையும் அலுவலகப் படியையும் ஏற்றுக்கொண்டது. வேறு வகை ஊதியம் வேண்டுமென்றால் சிறப்புத் தீர்மானம் போதும். பொதுக்கூட்டத்தில் எவருடைய வாக்குகள் மிகுந்திருந்தன என்பதை எண்ணிப்பார்த்தால், அந்த ‘போதும்’ எவ்வளவு பெரிய வாசல் என்பது விளங்கும்.

விடுதலைக்குப் பின் பாபா குழு 1952-இல் அறிக்கை அளித்தது. 1956-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் வந்தது. ஏஜெண்டின் ஊதியத்துக்கு நிகர இலாபத்தில் பத்து விழுக்காடு உச்சவரம்பாயிற்று. ஆய்வாளர்கள் பெரும்பாலும் இந்த வரம்பையே மேற்கோள் காட்டுவர். அதைவிடக் கூர்மையானது 354-ஆம் பிரிவு. அலுவலகப் படி என்ற பெயரில் எதுவும் கொடுக்கலாகாது. நிறுவனத்துக்காக உண்மையில் செய்யப்பட்டு, இயக்குநர் குழுவோ பொதுக்கூட்டமோ ஒப்பிய செலவை மட்டுமே திருப்பிப் பெறலாம் என்றது அது. படிக்கும் செலவுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சட்டம் கண்டுகொள்ள, முதல் ஏஜென்சி இல்லம் தோன்றியதிலிருந்து நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1970 ஏப்ரல் 3 அன்று மேனேஜிங் ஏஜென்சி முறையே ஒழிக்கப்பட்டது.

ஒழிந்தது பதவி. பிறர் பணத்தை நிர்வகிப்பவருக்கு எதன்மீது கட்டணம் என்ற வினா, தனியார் முதலீட்டு நிதியங்களோடு மீண்டும் வந்திருக்கிறது. 2012-இல் செபி வகுத்த மாற்று முதலீட்டு நிதிய ஒழுங்குமுறைகளின்கீழ், பொதுவாக ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாமல் இடுபவரே இவற்றில் சேர முடியும். உலகெங்கும் பழகிப்போன அளவு இரண்டும் இருபதும்: ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு நிர்வாகக் கட்டணம், இலாபத்தில் இருபது விழுக்காடு பங்கு. பெரும்பாலான பேச்சு இருபதைச் சுற்றியே நடக்கிறது. வரலாற்று மாணவரின் கண் இரண்டின்மேல் விழ வேண்டும். முதலீடு செய்யப்பட்ட தொகையின்மீது அன்றி, முதலீட்டாளர் தருவதாக ஒப்புக்கொண்ட மொத்தத் தொகையின்மீது அந்த இரண்டு கணக்கிடப்படும்போது, நிதியத்தின் பருமனே ஊதியமாகிறது, பயன் அன்று. நூறு கோடி உறுதியளிக்கப்பட்டு முப்பது கோடியே முதலீடாகியிருந்தாலும் கட்டணம் இரண்டு கோடிதான். முதலீடான தொகைக்கு அது ஏறத்தாழ 6.7 விழுக்காடு. பவுண்டுக்குக் கால் அணாவின் தருக்கமும் இதுவே.

நிர்வாகக் கட்டணத்துக்கு அப்பால், நிதியத்தின் செலவுகள் என்று ஒரு பத்தி ஒப்பந்தத்தில் இருக்கும். வழக்குரைஞர், தணிக்கையாளர், பயணம், கைகூடாமற்போன பேரங்களை ஆராய்ந்த செலவு ஆகியவை அதில் அடங்கலாம். இவற்றுள் எவை நிர்வாகியின் கட்டணத்துக்குள் அடங்கும், எவை முதலீட்டாளரின் கணக்கில் தனியே ஏறும், ஒரே நிர்வாகி பல நிதியங்களை நடத்தினால் பொதுச்செலவு எவ்விகிதத்தில் பிரியும் என்பவை பெரும்பாலும் அந்தப் பத்தியின் சொற்களிலேயே முடிவாகின்றன. 1956-இன் 354-ஆம் பிரிவைப் படித்தவர்களுக்கு அந்தப் பத்தி புதிதாகத் தோன்றாது.